மருவா, மச்சமா, புற்றா? வீட்டுச் சோதனை முதல் பயாப்சி ரிப்போர்ட் வரை முழு வழிகாட்டி (தர்மபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு)

தோலில் புதிதாக ஏதாவது முளைத்தால் நம் பக்கத்தில் உடனே அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். மரு, பாலுண்ணி, மச்சம், கால் ஆணி, நகச்சுத்தி, கொழுப்புக் கட்டி. பெரும்பாலும் அந்தப் பெயர் சரியாகவே இருக்கும். ஆனால் பெயர் கிடைத்த பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தோல் புற்று தப்பிப் போவது அங்கேதான். ஆகவே இந்த வழிகாட்டியில் பெயர் வைப்பதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். அது எங்கே வந்திருக்கிறது, எப்படி மாறுகிறது, ஆறுகிறதா இல்லையா என்பவையே முதலில் வருகின்றன.

வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும், ஊரில் வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்காகவும் எழுதப்பட்டது இது. நோயை உறுதி செய்வது மருத்துவர் வேலை. சரியான ஆளைச் சரியான நேரத்தில் மருத்துவரிடம் சேர்ப்பது உங்கள் வேலை.

தொடங்கும் முன் தேவையானவை

மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் ஒரு ஸ்கேல், ஒரு கைக்கண்ணாடி, கேமரா உள்ள போன், பேனா, ஒரு நோட்டு. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். முதுகையும் உச்சந்தலையையும் பார்க்கத் துணைக்கு ஒருவர்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாகவோ திண்ணையிலோ பாருங்கள். டியூப்லைட்டில் பழுப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். ஒரே மச்சத்துக்குள் இரண்டு மூன்று நிறங்கள் இருப்பது முக்கியமான அடையாளம், மங்கலான வெளிச்சத்தில் அது மறைந்துபோகும்.

முதலில் நன்றாகக் கழுவுங்கள். மாங்காய் அறுவடைக் காலத்தில் மாம்பால் பட்ட இடம் வெந்து கறுத்திருக்கும். தக்காளிச் செடியின் கறை விரல் இடுக்கில் படிந்திருக்கும். மஞ்சள், களிமண், வெடிப்பில் சேர்ந்த அழுக்கு எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு. மாம்பால் கறை தோல் உரிந்து சில வாரங்களில் தானாகப் போய்விடும், போகாதது வேறு விஷயம். நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். மருதாணி வைத்த நகத்தில் கோடு தெரியாது, அந்த நகத்தை மட்டும் குறித்துவைத்து வளர்ந்த பிறகு பாருங்கள்.

1. காலில் தொடங்கி மேலே வாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் முகத்தில்தான் தொடங்குவார்கள். முகம், கை, கழுத்து பார்த்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும், உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் மெலனோமா என்ற கடுமையான தோல் புற்று அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில். தலைகீழாகப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

வரிசை இது: உள்ளங்கால், குதிகால், கால்விரல் இடுக்குகள், கால் நகங்கள். பிறகு முழங்காலுக்குக் கீழ் உள்ள பழைய தழும்புகள். அடுத்து இடுப்பில் நாடா, அரைஞாண் பதியும் தடம். முதுகு, தோள். உள்ளங்கை, கை நகங்கள். கடைசியாகக் காதின் பின்புறம், மூக்கின் இரு ஓரம், கண்ணிமை, உதடு, முடியை விலக்கி உச்சந்தலை.

பெண்களைப் பெண்களே பார்க்கட்டும். கூச்சத்தால் மறைக்கப்படும் இடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று வாயால் கேட்டுவிடுங்கள். "இடுப்பில், மார்பில், அடியில் ஆறாத புண்ணோ படையோ இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் பதில் வரும்.

2. பெயர் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

எப்போதிலிருந்து இருக்கிறது? பிறந்ததிலிருந்து அல்லது பத்து இருபது ஆண்டாக மாறாமல் இருப்பது பெரும்பாலும் அமைதியானது. 40 வயதுக்கு மேல் புதிதாக வந்த ஒற்றை மச்சம் அப்படியல்ல.

கடந்த ஆறு மாதத்தில் அளவு, நிறம், மேடு, ஓரம் எதுவும் மாறியதா? "அப்படியேதான் இருக்கு" என்ற பதிலை உடனே நம்பிவிடாதீர்கள். வீட்டிலுள்ள கல்யாணப் படம், பழைய போன் படங்களை எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது.

அடிபடாமலே ரத்தம் கசிகிறதா? பொருக்குக் கட்டி, விழுந்து, மறுபடி கட்டுகிறதா? இந்தச் சுற்று முக்கியம். "ஆறிடுச்சு, மறுபடி வந்துடுச்சு" என்று சொன்னால் அது ஆறவில்லை என்றே எழுதுங்கள்.

ஏற்கெனவே யாராவது அறுத்தோ, சுட்டோ, மருந்து வைத்தோ எடுத்து, அதே இடத்தில் திரும்ப வந்ததா?

இதோடு ஆளைப் பற்றியும் கேளுங்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பார்கள், அவர்களுக்கு ஆபத்து கூடுதல். பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்தவர்களுக்கு வெயில் படும் இடமெல்லாம் ஸ்குவாமஸ் செல் புற்று (தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் புற்று) இளம் வயதிலேயே வரலாம். இடையில் வரும் வெண்புள்ளி நோயை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு.

குழந்தைகளிலும் ஒன்று உண்டு. வெயிலில் கண் கூசி, சிறிது நேர வெயிலுக்கே தோல் வெந்து, 2 வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளி படர்ந்தால் உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தைகளுக்குப் பத்து வயதுக்கு முன்பே தோல் புற்று வந்துவிடக்கூடும்.

3. இடத்தை வைத்துப் பிரியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. இளஞ்சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தால் நம் ஊர் ஆட்களிடம் ஒன்றும் கிடைக்காது. எந்த இடத்தில் எது ஏமாற்றும் என்று தெரிந்து பார்ப்பதுதான் பயன்.

*உள்ளங்காலும் உள்ளங்கையும்.* இங்கே ஏமாற்றும் பெயர்கள்: கால் ஆணி, முள் குத்திய கறை, செருப்பு கடித்த இடம், மரு. கால் ஆணி அழுத்தம் படும் இடத்தில் மட்டும் வரும். தோலின் இயல்பான ரேகைகள் அதன் மேலும் ஓடும். மருவில் ரேகை அறுபட்டு, உள்ளே நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். மெலனோமா பெரும்பாலும் தட்டையான, ஓரம் ஒழுங்கில்லாத, ஒரு பக்கம் வெளிறி இன்னொரு பக்கம் கறுத்த கறையாகத் தொடங்கும். வலிக்காது. வலிக்காததால்தான் விட்டுவிடுகிறார்கள்.

முள் குத்தி உள்ளே கட்டிய ரத்தக் கறை தோல் உரிய உரிய மேலே வந்து, சில வாரங்களில் போய்விடும். வளராது. மாதம் கடந்தும் இருக்கிற கறையை முள்ளின் கணக்கில் வைக்கக் கூடாது.

நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. சிவந்த சதையாக வளர்ந்து, தொட்டாலே ரத்தம் வரும். முள் குத்திய இடத்தில் வளரும் சாதாரண ரத்தச் சதையும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாத ஜோடி இது. பெரியவர்களுக்குக் காலிலோ விரலிலோ இப்படி வந்து எடுத்தால், எடுத்த சதை கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, பெரிய மரு என்று நினைத்து ஆண்டுக்கணக்காக அமிலம் வைத்து வருவது. உள்ளே சந்து சந்தாகப் போய், துர்நாற்றத்தோடு கசிந்தால் அது வெருக்கஸ் கார்சினோமா என்ற புற்றாக இருக்கலாம். மெதுவாக வளரும், ஆனால் எலும்பு வரை அரித்துக்கொண்டு போகும்.

*நகம்.* நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது இயல்பு. பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கைப் பெருவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாகக் கோடு தோன்றி, 3 மி.மீ.க்கு மேல் அகன்று, ஓரம் கலங்கி, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு பரவினால் காத்திருக்க வேண்டாம்.

அடிபட்ட ரத்தக்கட்டா என்ற சந்தேகம் வந்தால், நகம் முளைக்கும் தோல் ஓரத்திலிருந்து கறை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கை நகம் மாதம் சுமார் 3 மி.மீ., கால் நகம் 1 முதல் 1.5 மி.மீ. வளரும். இரண்டு மாதத்தில் ரத்தக்கட்டு கால் நகத்தில் 2, 3 மி.மீ. முன்னே நகர்ந்து, பின்னால் தெளிந்த நகம் வந்திருக்க வேண்டும். நகராவிட்டால் அது ரத்தக்கட்டு இல்லை. அடிபட்ட நினைவே இல்லையென்றால் இந்த இரண்டு மாதச் சோதனையும் வேண்டாம், நேரே போய்விடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரே நக ஓரத்தில் ஆறாத மருவோ தீராத நகச்சுத்தியோ இருந்தால் ஸ்குவாமஸ் செல் புற்று இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

*முகம்.* இங்கே அதிகம் ஏமாற்றுவது பேசல் செல் புற்று என்ற இன்னொரு வகைத் தோல் புற்று. வெள்ளைக்காரர்களுக்கு அது சிவப்பாக இருக்கும், நமக்குப் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். அதனால் மச்சம் என்ற பெயர் உடனே ஒட்டிக்கொள்கிறது. மூக்கோரம், கண்ணின் உள்மூலை, கீழிமை, கன்னம் ஆகிய இடங்களில் பளபளப்பான மேட்டு விளிம்பும், நடுவில் சிறு பள்ளமும், அதில் வந்து போகும் பொருக்கும் இருந்தால் சந்தேகப்படுங்கள். உடம்பின் வேறு இடத்துக்கு இது அரிதாகத்தான் பரவும். ஆனால் இருக்கும் இடத்தைத் தின்றுகொண்டே போகும். கண்ணருகில் வந்ததை இரண்டு மூன்று ஆண்டு விட்டால் கண்ணுக்கே ஆபத்து.

வயதானவர்கள் முகத்தில் நிறைய வரும் செபோரிக் கெரடோசிஸ் தீங்கில்லாதது. மெழுகு சொட்டி மேலே ஒட்டியது போல, சொரசொரப்பாக, பலவாக இருக்கும். கூட்டத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இல்லாமல் இருக்கிறதா என்று தேடுங்கள். கன்னத்தில் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி இருந்தால் அவையும் பெரும்பாலும் தீங்கில்லாதவை.

முகத்திலோ புறங்கையிலோ ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கிடுகிடுவென வளர்ந்து, நடுவில் கெட்டியான அடைப்போடு நிற்கும் உருண்டையைக் கொப்புளம் என்று பிதுக்காதீர்கள். கெரட்டோஅகாந்தோமா என்ற அந்த வகையை ஸ்குவாமஸ் செல் புற்றாகவே கருதி எடுத்துப் பரிசோதிப்பார்கள். தோலில் சிறு கொம்பாக முளைப்பதற்கும் இதே விதிதான். கொம்பு தீங்கில்லாதது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நுனியை மட்டும் நறுக்கினால் அது தெரியாது.

*பழைய தழும்பும் ஆறாத புண்ணும்.* இதை மிக அழுத்திச் சொல்கிறோம். விறகடுப்பு, ஸ்டவ், கொதித்த தண்ணீர், பட்டாசு ஆகியவற்றால் வெந்த தழும்பு, பாம்புக்கடிப் புண் ஆறிய தழும்பு, நரம்புச் சுருள் புண், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தின் புண், எலும்பிலிருந்து சீழ் வடியும் துளை. இவற்றில் பல ஆண்டு கழித்து ஸ்குவாமஸ் செல் புற்று வரும். மார்ஜோலின் புண் என்பார்கள். தீக்காயத் தழும்பில் இது வர முப்பது ஆண்டு கூட ஆகலாம். அதனால் தழும்புக்கும் புதுப் புண்ணுக்கும் தொடர்பு இருப்பதே வீட்டில் யாருக்கும் தோன்றாது.

பார்க்க வேண்டியவை: புண்ணின் ஓரம் தடித்து மேலே புரள்வது, சதை மேடு மேடாகத் தள்ளுவது, புதிதாக வந்த நாற்றம், ரத்தக் கசிவு, திடீரென்று கூடிய வலி. காலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கையில் என்றால் அக்குள். சர்க்கரைப் புண் என்று தினமும் கட்டுப் போட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் ஆறவில்லை என்றால், பயாப்சி (பரிசோதனைக்குச் சிறு சதைத் துண்டு எடுப்பது) எடுக்க வேண்டுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேட்கலாம்.

*இடுப்பு.* உள்பாவாடை நாடாவையும் வேட்டி முடிச்சையும் பல ஆண்டு ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால், அந்தத் தடம் கறுத்து, உரிந்து, வெடித்துப் புண்ணாகும். நம் நாட்டு மருத்துவர்கள் அந்தத் தடத்தில் ஸ்குவாமஸ் செல் புற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். அரிது, ஆனால் தவிர்க்கக் கூடியது. மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை தைத்துப் போடலாம். கட்டும் இடத்தைச் சற்று மேலும் கீழுமாக மாற்றலாம். தடத்தில் ஆறாத புண் வந்துவிட்டால் களிம்பு தேடாமல் காட்டிவிடுங்கள்.

*உடம்பில் கட்டி.* கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் நழுவும். மேலே தோலைக் கிள்ளினால் தனியாக வரும். நீர்க்கட்டி எனப்படும் எபிடெர்மாய்ட் கட்டியின் நடுவில் ஒரு கரும்புள்ளித் துளை தெரியும். இரண்டும் தீங்கில்லாதவை. தோளிலோ நெஞ்சிலோ கட்டி கெட்டியாக, தோலோடு ஒட்டி, பழுப்புச் சிவப்பாக, மிக மெதுவாக வளர்ந்தால், அது டெர்மாடோஃபைப்ரோசார்கோமா என்ற புற்று வகையாக இருக்கலாம். அடிபடாத இடத்தில் தானாக வந்த தழும்புக் கட்டி என்று இதை நினைத்துவிடுவார்கள். இதன் வேர் பக்கவாட்டில் வெகுதூரம் ஓடும். கொழுப்புக் கட்டியை எடுப்பதுபோல் மேலோடு எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வரும். 5 செ.மீ.க்கு மேற்பட்ட, ஆழத்தில் ஒட்டிய, வளர்கிற எந்தக் கட்டியையும் ஸ்கேன் பார்க்காமல் வெட்ட விடாதீர்கள்.

*படை.* ஒரே ஒரு படை, அரிப்பும் அதிகமில்லை, படர்தாமரைக் களிம்பு ஒரு மாதம் போட்டும் அசையவில்லை என்றால், தோலின் மேலடுக்கிலேயே இருக்கும் புற்று நிலையாக இருக்கலாம். மார்புக் காம்பில் ஒரு பக்கம் மட்டும் தீராத சிரங்கு பேஜெட் நோயாக இருக்கலாம். உள்ளே மார்பகப் புற்று இருப்பதன் அறிகுறி அது. தொடையிலும் பிட்டத்திலும் ஆண்டுக்கணக்கில் வெளிறிய தேமல் போல் படர்வது தோலில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றாகவும் இருக்கக்கூடும்.

4. அளந்து படம் எடுங்கள்

ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். முதல் படம் சற்றுத் தள்ளி, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி. இரண்டாவது சுமார் 15 செ.மீ. தொலைவில், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து. ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பும் நிறமும் கெட்டுவிடும். அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தானாகவே மச்சத்தை மழுப்பிவிடும்.

நோட்டில் தேதி, இடம் ("வலது குதிகால், உள்பக்கம்"), நீளம், அகலம், நிறம் என்று எழுதுங்கள். மச்சத்துக்கு 6 மி.மீ. ஓர் எல்லை, பென்சில் முனையிலுள்ள அழிப்பான் அளவு. அதற்குச் சிறியது என்பதால் மட்டும் பாதுகாப்பானது ஆகிவிடாது. வளர்வதுதான் அளவைவிடப் பெரிய அடையாளம்.

5. எவ்வளவு நாள் காத்திருக்கலாம்

உடனே, அந்த வாரமே போக வேண்டியவை: பழைய தழும்பில் வந்த புதுப் புண், ஒற்றை நகத்தில் அகலும் கோடு, உள்ளங்காலில் பல நிறக் கறை, கண்ணருகில் பொருக்கு, கெட்டியாகி மேடெழுந்து ஒரு மாதமாக வளர்ந்துகொண்டே இருப்பது, நெறி கட்டியிருப்பது, சிறுநீரகம் மாற்றியவருக்கு வந்த எந்தப் புது வளர்ச்சியும்.

சாதாரணப் புண் போலத் தெரிவதற்கு நான்கு வாரம். அதற்குள் முழுதாக மூடவில்லையென்றால் போக வேண்டும். மாறாமல் இருக்கும் மச்சத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிட்டால் போதும்.

மாங்காய் சீசன் முடியட்டும், ராகி அறுப்பு ஆகட்டும், ஆடி கழியட்டும் என்று தள்ளுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மெலனோமாவில் தப்பிப்பது ஆழத்தைப் பொறுத்தது, அந்த ஆழம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. ஒரு சீசன் பெரிய காலம்.

6. இதற்கிடையில் கை வைக்கக் கூடாதவை

எருக்கம்பால், சுண்ணாம்பும் சோடாவும் கலந்த பற்று, சூடு வைப்பது, முடியாலோ நூலாலோ கட்டி அறுப்பது. நான்கும் ஒரே தீங்கைச் செய்கின்றன. மேல்பகுதி வெந்தோ அழுகியோ விழுந்துவிடும், அடியில் இருப்பது தழும்புக்குக் கீழ் மறைந்து வளரும். பரிசோதிக்கச் சதையும் மிஞ்சாது. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழியே பழுதாகும், முகத்து மருவுக்கு அதை நினைக்கவே கூடாது.

பியூட்டி பார்லரில் மரு எடுப்பதும் மச்சத்தை லேசரில் சுடுவதும் இதே கணக்குதான். கருவி நவீனமானது என்பது மட்டும்தான் வேறுபாடு. மருத்துவர் பார்த்துத் தீங்கில்லை என்று சொன்ன பிறகு அழகுக்காக எடுப்பது வேறு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை நிறுத்துங்கள். சிவப்பும் அரிப்பும் தற்காலிகமாக அடங்கும், மருத்துவர் பார்க்கும்போது அடையாளம் கலைந்திருக்கும்.

7. யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது

தோல் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காலையில் ஓ.பி. சீட்டு போட்டுத் தோல் பிரிவைக் கேளுங்கள். பென்னாகரம், அரூர், அஞ்செட்டி, தளி பக்கத்திலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அன்றே பயாப்சி முடிய வாய்ப்பு உண்டு. எந்தப் பிரிவு என்று தெரியாமல் குழம்பினால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வருவார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை பார்க்க வரும்போதே பாதத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் மூலம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தகவல் போகும்.

கொண்டுபோக வேண்டியவை: நோட்டு, படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், கடைசி சர்க்கரை ரிப்போர்ட், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை.

மருத்துவரிடம் "ஒரு மரு இருக்கு" என்று தொடங்காதீர்கள். பெயரை நீங்கள் கொடுத்தால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். "வலது குதிகாலில் எட்டு மாதமாக ஒரு கறை, 4 மி.மீ. இருந்தது இப்போது 9 மி.மீ., இரண்டு முறை ரத்தம் வந்தது" என்று சொல்லுங்கள். மாற்றத்தைக் கேட்ட மருத்துவர் அதை ஒதுக்கிவிட மாட்டார்.

8. பயாப்சி அன்று

மரத்துப்போகும் ஊசி போட்டு, 3 அல்லது 4 மி.மீ. உருளைத் துண்டாகவோ, சிறிதென்றால் முழுவதுமாகவோ எடுப்பார்கள். மெலனோமா என்ற சந்தேகம் இருந்தால், கூடிய மட்டும் முழுவதையும் சிறிது ஓரத்தோடு எடுப்பதே நல்லது. மேலாகச் சீவி எடுத்தால் ஆழத்தை அளக்க முடியாமல் போய்விடும், சிகிச்சையே ஆழத்தை வைத்துத்தான்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற பயம்தான் மிகப் பெரிய தடை. பயாப்சியால் தோல் புற்று பரவுவதில்லை. பரிசோதிக்காமல் விடுவதால்தான் பரவுகிறது.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது, இதயத்துக்கு ஆபத்து.

எடுத்த சதை 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போல் குறைந்தது பத்து மடங்கு அளவு திரவத்தில் போக வேண்டும். சலைனிலோ வெறும் டப்பாவிலோ போட்டால் அழுகி, ரிப்போர்ட் வராது. தனியார் ஆய்வுக்கூடத்துக்கு உங்கள் கையில் கொடுத்தனுப்பினால் மூன்றைச் சரிபாருங்கள்: டப்பாவின் உடம்பில் (மூடியில் அல்ல) பெயர், வயது, எடுத்த இடம், தேதி இருக்கிறதா, சதை முழுதாக மூழ்கியிருக்கிறதா, விண்ணப்பத் தாளில் "பழைய தீக்காயத் தழும்பு", "வளரும் மச்சம்" என்று விவரம் எழுதியிருக்கிறதா. அந்த ஒரு வரி இல்லாமல் போனால், நோய்க்குறியியல் மருத்துவர் எதைத் தேடுவது என்று தெரியாமலே பார்ப்பார்.

எந்த ஊரில், எந்தக் கிளினிக்கில் எதை எடுத்தாலும் "பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேளுங்கள். அனுப்பமாட்டார்கள் என்றால் அங்கே எடுக்க வேண்டாம்.

தையல் முகத்தில் 5 முதல் 7 நாளிலும், உடம்பில் 10 முதல் 14 நாளிலும், பாதத்தில் சுமார் 14 நாளிலும் பிரிப்பார்கள். பாதத்தில் எடுத்தவர்கள் தையல் பிரியும் வரை வயலில் இறங்கக் கூடாது. மண்ணும் ஈரமும் சேர்ந்தால் தையல் விட்டுவிடும்.

9. ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டை வாங்காமலே விடுவது வெகுசாதாரணமாக நடக்கிறது. தையல் ஆறியதும் விஷயம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். எந்தத் தேதியில், எந்த அறையில், யாரிடம் வாங்குவது என்று அன்றே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

'பினைன்' என்றால் தீங்கில்லாதது. 'மாலிக்னன்ட்', 'கார்சினோமா', 'மெலனோமா' என்றால் புற்று. 'இன் சைட்டு' என்று சேர்ந்திருந்தால் மேலடுக்கைத் தாண்டவில்லை என்று பொருள், நல்ல செய்தி. 'மார்ஜின் பாசிட்டிவ்' என்றால் வெட்டிய ஓரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. மெலனோமா ரிப்போர்ட்டில் 'பிரெஸ்லோ' என்று, புற்றின் ஆழத்தைக் காட்டும் ஓர் எண் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

பழைய புண்ணில் எடுத்த ஒரு துண்டில் "புற்று இல்லை, அழற்சி மட்டும்" என்று வந்தால் அதோடு நிறுத்த வேண்டாம். நாள்பட்ட புண்ணில் புற்று ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கலாம். புண் தொடர்ந்து தடித்தால் பல இடங்களிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

10. புற்று என்று வந்தால்

பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். புற்றோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். சாதாரண பேசல் செல்லுக்குச் சுமார் 4 மி.மீ., ஸ்குவாமஸ் செல்லுக்கு 4 முதல் 6 மி.மீ., மெலனோமாவுக்கு ஆழத்தைப் பொறுத்து 1 முதல் 2 செ.மீ. "சின்ன மச்சத்துக்கு இவ்வளவு பெரிய காயமா" என்று வீட்டில் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் பரவியிருக்கும் செல்களுக்காகத்தான் அது. முதலிலேயே குடும்பத்துக்குச் சொல்லிவைத்தால் பாதியில் யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதியலாம். ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல், பயாப்சி எடுத்த வாரமே இதைச் செய்யுங்கள்.

மேல்சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை என்று பல வழிகள் உண்டு. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்தான். ஆனால் மாநிலம் தாண்டினால் நம் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று போகும் முன் கேட்டுவிடுங்கள். எங்கே போனாலும் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடும், மெழுகில் பதித்த சதைத்துண்டான 'பிளாக்'கும் ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். புது மருத்துவமனையில் அதை மறுபடி பார்ப்பார்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முறை வெட்ட வேண்டிவரும். பிளாக்கை வெயிலில், வண்டி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு ஆண்டு மெலனோமாவுக்கும் ஸ்குவாமஸ் செல்லுக்கும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேசல் செல்லுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அதற்கு இடையில் வீட்டில் மாதம் ஒருமுறை தழும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். புது முடிச்சு, தழும்பு ஓரத்தில் கறுப்பு, தொடை இடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ வலிக்காத நெறி ஏதாவது தட்டுப்பட்டால், அடுத்த தேதி வரை காத்திராமல் அந்த வாரமே போங்கள்.